மரியாதை என்னும் வரப்பு
(ஒரு நார்வேச் சொல்லை முன்வைத்துச் சில குறிப்புகள்)

நான் புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, 1978-இல் பிச்சாட்டூருக்குப் பாத்திரக் கடை வேலைக்கு வந்தவன். பிறகு சொந்தக் கடை போட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இராது. அந்த நேரத்தில் புரட்டிய இலக்கண நூல்களும் நிகண்டுகளும்தான் என் கல்லூரி. ஆகையால் இதில் பிழை இருந்தால் கற்றோர் பொறுத்துத் திருத்துவார்களாக.

இக்கட்டுரைக்கு வித்து ஒரு தொலைபேசிப் பேச்சு. என் தங்கை மகன் வேலை நிமித்தமாக நார்வே நாட்டில் இருக்கிறான். போன வருஷம் ஒரு நாள் பேசும்போது, "மாமா, இங்க மேனேஜரையே பேர் சொல்லித்தான் கூப்பிடணும். நான் ‘சார்’னு சொன்னா சிரிக்கிறாங்க" என்றான். எனக்கு ஒரு சந்தேகம். "அப்படின்னா அந்த ஊர்ல மரியாதை தெரியாதவன்னு ஒருத்தனைத் திட்டணும்னா எப்படித் திட்டுவாங்க?" என்று கேட்டேன். விசாரித்துச் சொன்னான். ‘ஊஹொஃப்லி’ என்பது அந்தச் சொல். எழுத்தில் கடைசியில் ஒரு ககரம் உண்டாம், வாயில் வராதாம். தெலுங்குக்காரர் நடுவில் நாற்பது வருஷம் வாழ்ந்த எனக்கு அயல்மொழிச் சொல் என்றால் உடனே பிரித்துப் பார்க்கும் பழக்கம். இதையும் பிரித்தேன்.

அரசவையில் பிறந்த சொல்

ஊ + ஹொஃப் + லி என்று மூன்று துண்டு. முதலில் உள்ள ‘ஊ’ எதிர்மறை. நாம் நியாயம் - அநியாயம், நாகரிகம் - அநாகரிகம் என்கிறோமே, அந்த வடமொழி ‘அ’வும் ‘அந்’நும் நார்வேயின் ‘ஊ’வும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஆங்கிலத்தின் ‘அன்’ என்ற முன்னொட்டும் இவற்றுக்கு உடன்பிறப்புத்தான். கடைசியில் உள்ள ‘லி’ தன்மையைக் காட்டும் விகுதி. நடுவிலே இருக்கும் ‘ஹொஃப்’ என்பதற்கு அரசவை என்று பொருள். ஆக, அரசவைக்கு ஏற்ற தன்மை இல்லாதது எதுவோ அது மரியாதைக் கேடு.

இது நார்வேயின் சொந்தச் சொல்லும் அன்று. வட ஜெர்மனியின் பழைய பேச்சுமொழியிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் பெர்கன் துறைமுகத்திலே ஹன்சா வணிகர்கள் கிட்டங்கி கட்டிக் கருவாட்டு வியாபாரம் செய்தார்கள். அவர்களைப் போன்றோர் வழியாக வட ஜெர்மன் சொற்கள் ஏராளமாக நார்வே மொழியில் ஏறின. வியாபாரி சரக்கு மட்டுமா கொண்டுபோகிறான்? சொல்லையும் கொண்டுபோகிறான். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

ஆங்கிலமும் இப்படித்தான். ‘கர்ட்டசி’ என்ற சொல் ‘கோர்ட்’ என்ற அரசவையிலிருந்து வந்தது. ‘அர்பேன்’ என்பது நகரத்திலிருந்து வந்தது. எதிர்ப்பக்கம் பாருங்கள். ‘பூர்’ என்றால் முரடன், மூலப்பொருள் குடியானவன். நம்பியாரும் பி.எஸ். வீரப்பாவும் நடித்து நமக்குப் பழக்கமான ‘வில்லன்’ இருக்கிறானே, அவனும் முதலில் பண்ணை நிலத்தில் பாடுபட்ட ஏழைக் குடியானவன்தான். கலப்பை பிடித்தவனைக் கொடியவனாக்கி விட்டது அந்த அரசவை மொழி.

நாமும் குறைந்தவர்கள் இல்லை

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா வெள்ளைக்காரன் புத்தியை’ என்று சொல்லிவிட வேண்டாம். நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில், வெளிப்படச் சொல்லத் தகாத சொற்களுக்கு ‘அவையல் கிளவி’ என்று பெயர் வைத்தார். அவையிலே சொல்லத்தக்கது அல்லாத சொல் என்று பொருள். அப்படிப்பட்டதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லமைப்பைப் பாருங்கள்: அவை + அல். நார்வேக்காரன் ‘ஊ’ என்பதை முன்னே வைத்தான், நாம் ‘அல்’ என்பதைப் பின்னே வைத்தோம். கருத்து ஒன்றே. இரண்டு இனத்துக்கும் அக்காலத்தில் ஓர் உறவும் இல்லை. இருந்தும் அவை என்ற ஒன்றைக் கொண்டுதான் இருவரும் அளந்திருக்கிறார்கள்.

‘நாகரிகம்’ என்ற சொல்லும் அப்படியே. நகரத்தானுக்கு உரியது நாகரிகம். ஊரானுக்கு உரியதை வடமொழியில் ‘கிராம்யம்’ என்றார்கள். காவியத்துக்கு அது ஒரு குற்றம் என்றே அணிநூலார் வகுத்தார்கள். தெலுங்கிலும் பண்டிதர்கள் மக்கள் பேசும் மொழியைக் கிராம்யம் என்று தள்ளிவைத்தார்கள். அதை எதிர்த்துப் போராடியவர் கிடுகு வெங்கட ராமமூர்த்தி (1863–1940). இன்று அவர் பிறந்த ஆகஸ்டு 29-ஐத் தெலுங்கு மொழி நாளாக நம் ஆந்திரத்தில் கொண்டாடுகிறோம். தமிழில் நாம் ‘பட்டிக்காட்டான்’ என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வள்ளுவர் மட்டும் இந்தச் சொல்லை வேறு விதமாகக் கையாள்கிறார். கண்ணோட்டம் என்ற 58-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ‘நாகரிகம்’ வருகிறது. பழகியவர் நஞ்சைப் பெய்து கொடுப்பதைக் கண்ணால் கண்டும், முகம் முறியாமல் உண்டு அமைபவர் யாரோ அவரே நாகரிகத்தை வேண்டுபவர் என்கிறார். இங்கே நகரத்துப் பகட்டு எங்கே இருக்கிறது? நம் பக்கத்துச் சுருட்டப்பள்ளியில் நஞ்சுண்ட பெருமான் பள்ளிகொண்ட கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள் நினைவு வரும். நகரத்துச் சொல்லை எடுத்து அதில் கருணையை வைத்துக் கொடுத்தார் வள்ளுவர்.

இன்னொரு வேடிக்கை. ‘ஹொஃப்’ என்பது பிறவியிலேயே அரசவை அன்று. ஜெர்மன் மொழியில் இன்றும் அதற்கு வீட்டு முற்றம், பண்ணை என்ற பொருள்கள் உண்டு. பழைய நார்ஸ் மொழியில் அது கோயிலைக் குறித்தது. நம் ‘கோயில்’ அரசன் வீடாக இருந்து தெய்வத்தின் வீடு ஆனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்க நூல்களில் ‘நகர்’ என்பதற்கும் மாளிகை, வீடு என்ற பொருள்கள் உண்டு. குடியானவன் முற்றத்துக்கு இருந்த பெயரை அரசவை எடுத்துக்கொண்டது. பிறகு அதே பெயரை வைத்துக் குடியானவனுக்கே மரியாதை தெரியாது என்று சொல்லிவிட்டது.

மரியாதை என்பது வேறு குலம்

இனி நாம் அன்றாடம் சொல்லும் ‘மரியாதை’க்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு மேடையில் ஒருவர், "‘மரி’ என்றால் சாவது, சாகும்வரை காப்பது மரியாதை" என்று விளக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் தராசு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சொல்லைப் பிரிக்கிறவன் முதலில் பக்கத்து மொழிகளைப் பார்க்க வேண்டாமா? தெலுங்கில் ‘மர்யாத’, கன்னடத்தில் ‘மர்யாதெ’, வடமொழியில் ‘மர்யாதா’. தமிழில் ‘ர்ய’ என்று சேர்ந்து ஒலிக்காது. நடுவே ஓர் இகரம் நுழையும். சூர்ய என்பது சூரியன், கார்ய என்பது காரியம், ஆச்சர்ய என்பது ஆச்சரியம் ஆனது போல. ஈற்றில் நிற்கும் ஆகாரம் ஐகாரமாகும். மாலா மாலை ஆயிற்று, சபா சபை ஆயிற்று. இந்த இரண்டு விதிகளையும் பவணந்தி முனிவர் நன்னூல் பதவியலின் இறுதியில் வடமொழியாக்கம் என்று வகுத்து வைத்திருக்கிறார். விதி கையில் இருக்க, சாவை இழுத்து வருவானேன்?

மர்யாதா என்றால் வடமொழியில் எல்லை. வயலின் எல்லை, நாட்டின் எல்லை, கடலின் கரை எல்லாம் மர்யாதா. இராமனை ‘மர்யாதா புருஷோத்தமன்’ என்பது, எந்த நிலையிலும் எல்லை மீறாதவன் என்ற பொருளில்தான்.

எங்கள் சமயத்து நூல் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாருக்கு விரதங்களைச் சொல்வது. அதைப் பின்பற்றித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. இல்லறத்தான் ‘இந்தத் திசையில் இதற்கு மேல் போகமாட்டேன்’ என்று தனக்குத்தானே எல்லை கட்டிக்கொள்வதற்குத் திக்விரதம் என்று பெயர். எதை எல்லையாக வைப்பது? யாவரும் அறிந்த கடல், ஆறு, காடு, மலை, நாடு, இத்தனை யோசனைத் தூரம் என்று கணக்கு. இந்த எல்லைக் குறிகளுக்கு வடமொழி மூலத்தில் உள்ள சொல் ‘மர்யாதா’ என்பதே. இங்கே எல்லை பிறன் போட்டது அன்று. அவனவன் தனக்குப் போட்டுக்கொண்டது.

வடசொல் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘வரம்பு மீறிப் பேசுறான்’ என்கிறோமே, அந்த வரம்பு வயலின் வரப்புத்தான். அரசவைக்காரன் பழித்த குடியானவன் காலால் மிதித்து, மண் அணைத்துப் போட்டது. மரியாதையும் வரம்பும் பிறந்த மொழி வேறாயினும் கருத்தில் ஒன்று. அரசவையை வைத்து அளந்தால், அவைக்குள் இருப்பவன் மேல், வெளியே இருப்பவன் கீழ். வரப்பை வைத்து அளந்தால் அப்படி இல்லை. வரப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. இந்தப் பக்கத்துக்காரன் தாண்டினாலும் தப்பு, அந்தப் பக்கத்துக்காரன் தாண்டினாலும் தப்பு. பத்து ஏக்கர்காரனுக்கும் பத்து சென்டுக்காரனுக்கும் நடுவில் இருப்பது ஒரே வரப்பு. நான் இக்கட்டுரையில் சொல்ல வந்தது இவ்வளவே. மரியாதைக் கேடு என்பது தாழ்ந்த இடத்தில் பிறப்பது அன்று, அடுத்தவன் வரப்பைத் தாண்டுவது.

ஒரு மறுப்பும் அதற்குப் பதிலும்

‘நைனா, சொல் நல்லாத்தான் இருக்கு, நடப்பு அப்படியா இருந்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கோயிலில் முதல் தீர்த்தம், பரிவட்டம் இவற்றுக்கும் ‘மரியாதை’ என்றே பெயர். யாருக்கு முதலில், யாருக்கு இல்லவே இல்லை என்பதை ஒருசிலரே தீர்மானித்தார்கள். தோளில் துண்டு போடக்கூடாது, செருப்போடு தெருவில் நடக்கக்கூடாது என்பதற்கும் மரியாதை என்றே பெயர் சொன்னார்கள். வரப்பு போடும் உரிமை ஒருவன் கையில் மட்டும் இருந்தால், அவன் தன் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவான்.

இதனால்தான் 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் ‘சுயமரியாதை இயக்கம்’ என்ற பெயர் அமைந்தது. அதன் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்தது. வடமொழி ஆதிக்கத்தை எதிர்த்தவர்கள் வடசொல்லால் பெயர் வைத்தார்களே என்று சிலர் கேலி செய்வதுண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. ‘மரியாதை’ எதிராளிக்குக் கொடுப்பது மட்டும் அன்று, என் பக்கத்து வரப்பும் வரப்புத்தான் என்று அவர்கள் அந்தச் சொல்லுக்கே அதன் இழந்த பாதியை மீட்டுக் கொடுத்தார்கள். ‘தன்மானம்’ பிறகு பெருவழக்கானது நல்லதே. ஆனால் வேலை நடந்தது பழைய சொல்லுக்குள்ளே.

நீயும் நீங்களும்

நம் மொழிகளில் இந்த வரப்பு அதிகம் தெரிவது ‘நீ’, ‘நீங்க’ என்ற இரண்டு சொல்லில். ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்வு பற்றி வந்த வழக்கு, இலக்கண முறைப்படி உள்ளது அன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதாவது மரியாதைப் பன்மை மக்கள் போட்டது. நார்வேயிலும் ‘டூ’ என்று நீக்கும், ‘டீ’ என்று நீங்களுக்கும் இருந்தன. 1970-களுக்குப் பிறகு ‘டீ’ அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எல்லாரும் எல்லாருக்கும் ‘டூ’. ‘ப்ளீஸ்’ என்பதற்குச் சரியான ஒற்றைச் சொல்லும் அவர்களிடம் இல்லை. அதற்காக அவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று சொல்ல முடியுமா? நமக்கும் ப்ளீஸ் இல்லை. ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்கிற ‘கொஞ்ச’மும் ‘ங்க’வும் அந்த வேலையைச் செய்கின்றன. அவர்கள் எல்லாரையும் ஒரே படியில் நிறுத்தினார்கள். நாம் படிகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். படி இருக்கிற இடத்தில்தான் யாரை எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்ற கணக்கும் வருகிறது.

எல்லையோரத்தில் வாழ்கிற நமக்கு இது இரட்டைக் கணக்கு. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் பிச்சாட்டூர் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. கோடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆரணியாறு மட்டும் நம் அணையிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பேச்சும் அப்படிக் கலந்து ஓடுகிறது.

நான் கடையில் சேர்ந்த புதிது. பதினெட்டு வயசு. தெலுங்கு தெரியாது. ஒரு பாட்டியம்மா வந்து, "ரா நாயனா, ஈ செம்பு எந்தா?" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நயினார் என்று எங்கள் குலப் பட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கூடவே ‘ரா’ என்று ‘டா’ போட்டுக் கூப்பிடுகிறாளே என்று நினைத்தேன். "நான் என்ன உன் வீட்டு ஆளா, டா போட்டுப் பேசறே?" என்று கத்திவிட்டேன். கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். தெலுங்கில் ‘ரா’ என்றால் ‘வா’ என்றும் பொருள். ‘நாயனா’ என்றால் அப்பா. ‘வாப்பா, இந்தச் செம்பு என்ன விலை’ என்று அந்தம்மா அன்பாகக் கேட்டிருக்கிறார். அவர் செம்பு வாங்காமலே போய்விட்டார். இந்தக் கதையை நாற்பது வருஷமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த வயசான அம்மாவை நான் ‘உன் வீட்டு’ என்றும் ‘பேசறே’ என்றும் சொன்னதை முதலாளியும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது என் பேத்தி. திருப்பதியில் படிக்கிறாள், பத்து வயசு. கோடை விடுமுறைக்கு வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது யானாதிப் பெரியவர் ஒருவர் அலுமினியக் குண்டான் வாங்க வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். வருஷக்கணக்காக வருகிறவர். நான் வழக்கம்போல் "ஏம்ரா, நீக்கேம் காவாலி?" என்றேன். அவர் போன பிறகு பேத்தி கேட்டாள்: "தாத்தா, வெள்ளைச் சட்டை அங்கிளுக்கு ‘ரண்டி’ன்னு சொன்னீங்க. இவரு உங்களைவிடப் பெரியவரு. இவருக்கு ஏன் ‘ரா’?"

பதினெட்டு வயசில் எனக்குத் தலைக்கு ஏறின அதே ‘ரா’. அன்று அது திட்டே இல்லை. இன்று நான் சொன்னது திட்டுத்தான். ‘மரியாதை’யின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்த நான் கடைக்கு வருகிறவர்களை ஹொஃப் வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன். சட்டை வெளுப்பாக இருந்தால் அவைக்கு உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. பேத்திக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "தப்புத்தாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் ‘நீ’, ‘நீங்க’ என்பதில் தடுமாறினால் உடனே அதட்ட வேண்டாம். அவர்கள் நம்மைக் கேட்டுத்தான் கற்கிறார்கள். மாமாவுக்கு ‘நீங்க’, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு ‘நீ’ என்று நாம் பேசினால், அவர்கள் கற்பது மரியாதை அன்று, வரிசை.

அடுத்த மாதம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். மூடி வேண்டுமாம். "ரண்டி, கூர்சோண்டி" என்று நாற்காலியைக் காட்டினேன். வாங்க, உட்காருங்க என்று அர்த்தம். அவர் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் வேறு யார் வருகிறார்கள் என்பது போலத் திரும்பி வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.